மனநோய் வைத்தியமும் சான்றிதழ்ச் சடங்கும்

மனநோய்க்குப் பேச்சு வழியாகச் சிகிச்சை செய்கின்றவர்கள், பரீட்சித்து நிரூபிக்கப்பட்ட புதிய முறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், அதற்கு யார்தான் ஆட்சேபணை சொல்லப் போகின்றார்கள் என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆட்சேபணை இருக்கத்தான் செய்கின்றது. அதை வாயால் சொல்லுகின்றவர்கள் சிலர். காரியத்தில் காட்டுகின்றவர்களே பலர்.

"எனக்கு இருபது வருஷ அனுபவம் இருக்கின்றது. என் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த முறையே எனக்குப் போதும்" என்பது இவர்களது முதல் வாதம். பேயோட்டுகின்றவனும் இதையேதான் சொல்லுகின்றான். அவனுக்கு இருபது வருஷமல்ல, பாட்டன் முப்பாட்டன் காலத்து அனுபவமே இருக்கின்றது. குணமானவர்களைக் கொண்டு வந்து சாட்சி சொல்லச் செய்யவும் அவனால் முடியும். குணமாகாதவர்களின் கணக்கை அவனும் வைப்பதில்லை, இவரும் வைப்பதில்லை. அப்படியானால் இவ்விருவருக்கும் உள்ள பேதம் வேப்பிலைக்கும் மேஜை நாற்காலிக்கும் உள்ள பேதந்தானா என்று கேட்கின்றோம்.

2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில், தனியார் நடத்திய விடுதி ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் சங்கிலியைக் கழற்றிவிட்டால் மாத்திரம் நோய் தீர்ந்துவிடுமா? 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்குத் தக்கபடி 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் 20 லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநோய் மருத்துவர் என்ற வீதமே இருந்தது.

ஆள் இல்லையே, என்ன செய்வது என்கின்றார்கள். கோவாவில் சங்கத் என்ற ஸ்தாபனத்தார் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்கட்டும். மனநல வைத்தியத்தில் முன்பயிற்சி ஏதுமில்லாத சாதாரண ஆட்களையே தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வாரம் வகுப்பு நடத்தினார்கள். பிறகு ஆறு மாதம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வைத்தார்கள். கற்பித்த முறையில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மனச்சோர்வு பிடித்தவன் வேலையை விடுகின்றான், ஜனங்களோடு பழகுவதை விடுகின்றான். விட விடச் சோர்வு ஏறுகின்றது. ஏற ஏற மிச்சமிருப்பதையும் விடுகின்றான். இந்தச் சுழலை உடைப்பதற்காகச் சிறு சிறு காரியங்களை நாளும் நேரமும் குறித்துச் செய்யச் சொல்லி, செய்தானா, எது தடுத்தது என்று மறு வாரம் கேட்பதுதான் அம்முறை. கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரிடம் இதைப் பரீட்சித்து 2017ல் வெளியிட்ட முடிவுப்படி, மூன்று மாதத்தில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 64 பேரும், பெறாதவர்களில் 39 பேரும் தேறியிருந்தார்கள்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் ஜனங்களுக்கு ஒத்துவராது என்பவர்களுக்குக் கோவாவே பதில். போதாதென்றால் பாகிஸ்தானத்து ராவல்பிண்டிக் கிராமங்களைப் பார்க்கலாம். அங்கே ஊர்ச் சுகாதார ஊழியப் பெண்களுக்கு இதுபோன்றதொரு முறையைக் கற்பித்து, மனச்சோர்வுற்ற தாய்மார்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2008ல் வெளியான கணக்குப்படி, பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில் அச்சிகிச்சை பெற்ற தாய்மார்களில் 100-க்கு 23 பேருக்கே நோய் நீடித்தது. மற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. பட்டம் பெற்றவர்களுக்கு இது கசப்பாயிருக்கலாம். சித்தப்பிரமை போன்ற வியாதிகளுக்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நிரூபிக்கப்பட்ட முறை என்றால் வேதவாக்கு என்றும் நாம் சொல்லவில்லை. இதைவிட மேலானது வந்தால் இதையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

நிற்க, பயிற்சி என்ற பெயரால் நடக்கும் காரியத்தைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கின்றது. இரண்டு நாள் கூட்டம், குத்துவிளக்கு, மாலை, சாப்பாடு, குழுப் புகைப்படம், கடைசியில் ஒரு சான்றிதழ். இது பயிற்சியா, கலியாணமா? அமெரிக்காவில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை செய்யும் 140 பேரை வைத்து இதையே பரீட்சித்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியைக் கண்டிக்காமல், மாறவேண்டும் என்ற எண்ணத்தை அவன் வாயிலிருந்தே வரவழைக்கும் முறை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வகுப்பில் மாத்திரம் உட்கார்ந்து எழுந்தவர்களின் திறமை சில மாதங்களில் மங்கிப்போயிற்று. தாங்கள் நோயாளியுடன் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுப் பிறர் குறை நிறை சொல்லப்பெற்றவர்களிடமும், பின்னால் தொலைபேசியில் வழிகாட்டப்பெற்றவர்களிடமுமே அது நிலைத்தது. கோவாவிலும் ஊழியர்கள் ஒருவர் பேச்சின் பதிவை மற்றவர்கள் கூடிக் கேட்டு மதிப்பெண் போட்டுக் கொண்டார்கள். தன் வேலையைப் பிறர் கேட்கக் கூடாது என்று கூச்சப்படுகின்றவர் சிகிச்சை செய்ய வருவதேன்?

ஆகவே இனிப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளையும் ஸ்தாபனங்களையும் நாம் கேட்பது இதுதான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் வழங்கினோம் என்ற கணக்கு யாருக்கும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அம்முறையைக் கையாளுகின்றார்கள், அதை யார் உட்கார்ந்து கேட்டுத் திருத்தினார்கள், அவர்களிடம் வந்த நோயாளிகளில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று, எத்தனை பேருக்கு ஆகவில்லை என்ற கணக்கைப் பத்திரிகைகளில் வெளியிடட்டும்.