கற்பிப்பவருக்கும் பயிற்சி வேண்டும்

ராஜபாளையம் நூற்பாலையில் ஷிப்ட் முடித்து எழுத்துக் கூட்ட வரும் அம்மாவிடம் 'அணில், ஆடு' எடுபடாது. பஸ் போர்டும் கூலிக் கணக்கும்தான் அவருக்குப் பாடம். பேத்தி வயதுப் பெண் பிழை திருத்தும்போது கூசிப்போய்ப் பென்சிலை இறுக்கும் அந்த விரல்களைப் பக்குவமாகத் தளர்த்துவது தனி வித்தை.

2022இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இந்த வேலையைச் சம்பளமில்லாத் தன்னார்வலர்களிடம் விட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்குப் பட்டயப் படிப்பும் தகுதித் தேர்வும் கேட்கிறோம். முதியோருக்குக் கற்பிக்க ஆர்வம் மட்டும் போதுமாம்! அறிவொளி இயக்கத்தையும் அப்படித்தான் தொண்டர்களின் தோளில் ஏற்றினோம்.

தன்னார்வலர்களைத் தொடக்கப் பயிற்சியோடு கைகழுவக் கூடாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களில் மாதம் ஒருநாளாவது இவர்களைக் கூட்டிப் பயிற்சி தர வேண்டும். பஸ் காசையும் அரசே கொடுக்கட்டும். அனுபவத்துக்குச் சான்றிதழ் வழங்கினால், அடுத்த ஆண்டும் வருவார்கள்.