மிதிக்காதே மச்சி... நில்!

சீட்டைக் கழற்றிட்டு கட்டில், அடுப்பு, கேரம் போர்டுன்னு எல்லாம் ஏத்தின பழைய காலேஜ் பஸ். அதுல பாபநாசம் போயிட்டுத் திரும்புறப்ப, கல்லிடைக்குறிச்சியில தாமிரபரணியைப் பார்த்தா சும்மா இருக்க முடியுமா? குளிக்கிற ஆசையில பஸ்ஸையும் ஆத்து மணல்ல இறக்கிட்டோம்.

பின் சக்கரம் 'பொதக்'! ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போச்சு. பின்னால நின்னு தள்ளின நண்பனுக்கு மூஞ்சியெல்லாம் மணல்!

மாடு குளிப்பாட்ட வந்த தாத்தா சத்தம் போட்டார். "ஏலே, வண்டியை அணைச்சிட்டு மொதல்ல எல்லாரும் இறங்குங்கலே! மேல பாபநாசம் டேம் இருக்கு. தண்ணி உங்ககிட்ட சொல்லிட்டா வரும்?"

இறங்கினோம். மூட்டை முடிச்சையும் இறக்கினோம். டயர்ல கொஞ்சம் காத்தைக் குறைச்சோம். அப்பதான் டயர் அகலமா மணல்ல படியும், புதையாது. முன்னால மணலைத் தோண்டி, சாக்கும் பலகையும் போட்டு மெதுவா எடுத்தா... வந்துடுச்சு!

2023 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ! இதே தாமிரபரணிக் கரையில, ஸ்ரீவைகுண்டத்துல, திருச்செந்தூர்-சென்னை ரயிலை நிறுத்திட்டாங்க. உள்ளே சுமார் 800 பேர். முன்னால தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருந்துச்சு. நிறுத்தினதாலதான் தப்பிச்சாங்க.

வண்டியை அப்புறம்கூட எடுக்கலாம் மக்கா. முதல்ல ஆளுங்க கரையேறணும்!