முகத்தில் மதம் எழுதியிருக்கவில்லை!

தமிழர் என்றால் இந்து, தாடி வைத்தவர் என்றால் முஸ்லிம் என்று பெயரையும் முகத்தையும் பார்த்தே ஒருவரின் மதத்தைத் தீர்மானித்துவிடும் வழக்கம் வேலைத்தலங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விசாரிக்கச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சோம்பலின் நஷ்டம் தொழிலாளியின் தலையில் வந்து விழுகிறது.

ஜூரோங்கைப் பாருங்கள். லோக்யாங், பாஜாவ் என்று ரப்பர் தோட்டங்கள் இருந்த பூமி அது. 1961-ல் அங்கே தொழிற்பேட்டை தொடங்கியது. பால்மரம் போயிற்று, புகைபோக்கி வந்தது. இன்று அங்குள்ள பட்டறைகளிலும் ஆலைகளிலும் இங்கேயே பிறந்த தமிழரும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழரும் உண்டு. எல்லோரும் ஒரே மதத்தவர் அல்லர்.

‘ராஜா’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அது இந்துவிடமும் உண்டு, கிறிஸ்தவரிடமும் உண்டு, முஸ்லிமிடமும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து மேற்பார்வையாளர் அட்டவணை போட்டால் என்ன ஆகும்? கிறிஸ்தவரான ராஜாவுக்குத் தீபாவளியன்று ஓய்வு. கிறிஸ்துமஸ் அன்று வேலை. முஸ்லிமான ராஜாவின் கையில் அவர் தொடக்கூடாத சோற்றுப் பொட்டலம். மதமே வேண்டாம் என்றிருக்கும் ராஜாவிடம் கோயில் நன்கொடைச் சீட்டு. தூரதேசத்தில் ஒருவர் உயிர்விட்டால், எரிப்பதா புதைப்பதா என்பதைக்கூடப் பெயரைப் பார்த்தா முடிவு செய்வது?

இது ஏதோ நாலைந்து பேருடைய சங்கதி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டு குடிமதிப்பின்படி, சிங்கப்பூரில் வசிக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் நூற்றுக்கு 57 பேரே இந்துக்கள். 23 பேர் முஸ்லிம்கள். 12 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். ‘இந்தியர் என்றால் இந்து’ என்று கணக்குப் போடுகிறவர் நூற்றில் நாற்பது பேருக்கு மேல் தப்புக் கணக்குப் போடுகிறார்!

சரித்திரமும் இதையே சொல்கிறது. சௌத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் எழுப்பிய ஜாமே பள்ளிவாசல் 1826-ல் தோன்றியது. அடுத்த ஆண்டே, அதே சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று லூர்து மாதா தேவாலயம் 1888-ல் வந்தது. இப்படி இருக்க, ஒரு தமிழ் முஸ்லிமைப் பார்த்து, “அட, தமிழ் பேசுகிறீர்களே!” என்று வியப்பது என்ன நியாயம்? மதம் பலவானாலும் தமிழர் ஒன்றுகூட வேண்டும் என்றுதான் கோ. சாரங்கபாணி 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார்.

தப்பான அனுமானம் சில சமயம் உயிரையே பறித்துவிடுகிறது. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் பயங்கரத் தாக்குதல் நடந்தது. நான்கு நாள் கழித்து, அரிசோனா மாநிலத்து மேசா நகரில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தம்முடைய பெட்ரோல் நிலையத்தின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அவருடைய தலைப்பாகையையும் தாடியையும் கண்டு, அரபு முஸ்லிம் என்று எண்ணிவிட்டான்.

“ஐயோ, அவர் முஸ்லிம் அல்லவே!” என்று பலர் இரங்கினார்கள். தோழர்களே, இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். அவர் முஸ்லிமாகவே இருந்திருந்தால் அந்தக் கொலை நியாயமாகிவிடுமா? ஆள் மாறிப்போனது அல்ல குற்றம். ஒரு மதத்தார் அனைவரையும் பகைவராக எண்ணியதே குற்றம். ஆகவே, நம்மை யாராவது வேறு மதத்தவர் என்று எண்ணி இழிவு செய்தால், “நான் அவன் அல்ல” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது போதாது. அப்படிச் சொல்லி நகர்ந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் தோழரை அந்த இழிவுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆவோம். “யாராக இருந்தாலும் இப்படி நடத்தாதே!” என்பதுதான் தொழிலாளி சொல்ல வேண்டிய பதில்.

நிர்வாகத்தாரிடம் நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குச் சேரும்போதே உணவு எது, எந்தப் பண்டிகைக்கு ஓய்வு வேண்டும், ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும், எந்த முறைப்படி காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். பொது விடுமுறை நாளை, இரு தரப்பும் சம்மதித்தால் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள வேலை நியமனச் சட்டம் இடம் தருகிறது. இந்த உரிமையை அறியாத தோழர்களுக்கு அறிந்தவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தொழிலாளரும் தங்களுக்குள் இதே மரியாதையைக் காட்ட வேண்டும். கோயில் வசூலுக்கு வராதவரை ‘ஒட்டாதவர்’ என்று ஒதுக்குவதும், தாடிக்காரரைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பதும் ஒற்றுமைக்கு உலை வைக்கும் காரியங்கள். சம்பளம் குறையும்போது மதம் பார்த்துக் குறைவதில்லை. சாரத்திலிருந்து விழும்போது எந்த மதத்து எலும்பும் முறியத்தான் செய்யும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகித்து நடக்காதீர்கள். தெரிந்த பின்பும் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துங்கள். இவ்வளவே நம் கோரிக்கை!