நெறியும் நினைவணுவும்

குமாரலிங்கபுரத்துக் கரிசற்காட்டில் ஆட்டின்பின் நடக்கும் சிறுவன் காலில் கருவேல முள் தைக்கிறது. இரண்டொரு நாளில் புண்ணில் சீழ். தொடையிடுக்கில் ஒரு கட்டி. "நெறி கட்டியிருக்கிறது" என்கிறாள் பாட்டி. எழுத்தறியாத மூதாட்டியின் அச்சொல், உடலின் காவற்படை போருக்கு எழுந்ததை அன்றோ அறிவிக்கிறது!

முள்ளொடு புகுந்த நுண்ணுயிரிகளை, விழுங்கணுக்கள் எனப்பெறும் வெள்ளணுக்கள் முதலில் சூழ்ந்து விழுங்குகின்றன. அப்போரில் மடிந்தவற்றின் குவியலே சீழ். நுண்ணுயிரியின் மேனியில் அதனைப் பகையென்று காட்டிக்கொடுக்கும் கூறு ஒன்றுண்டு. அது எதிர்ப்பொருள் தூண்டி. அக்கூறு நிணநீர் வழியே தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவை அடைந்ததும், அதற்குப் பொருந்தும் வெள்ளணுக்கள் அங்குப் பெருகுகின்றன, கணு வீங்குகிறது. அதுவே நெறி. பெருகியவற்றுள் சில, பகையைப் பற்றிப் பிணிக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சில நினைவணுக்களாய் நிலைத்து, அதே பகை மீண்டும் வருங்கால் விரைந்தெழுகின்றன. இவ்வனைத்தும் சேர்ந்ததே தடுப்பாற்றல்.

இவற்றைச் சொல்லத் தமிழ் எங்கே தடுமாறிற்று? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பின்னாளில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

இது வெறும் சொல்வழக்கு அன்று, பிள்ளைகளின் உயிர்வழக்கு. தொண்டை அடைப்பான், கக்குவான் உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி, குழந்தைக்கு 6, 10, 14-ஆம் கிழமைகளில் இடப்பெறுகிறது. முதல் ஊசிக்குப்பின் உடல் சுடுகிறது, தாய் அஞ்சுகிறாள். புரியாத அயற்சொற்களை அவள்முன் அடுக்கினால் அச்சம் தீருமா? அடுத்த ஊசிக்கு அவள் வராமலே போகலாம். "அம்மா, காவலணுக்கள் விழித்தெழுவதால் வரும் சூடு இது, பெரும்பாலும் இரண்டொரு நாளில் தணியும். மிகுந்தால் உடனே அழைத்து வாருங்கள். அடுத்த ஊசிகள் நினைவணுக்களைப் பெருக்கி வலுவூட்டும்" என்றால், அறிந்து வருவாள்; அயலாளையும் அழைத்து வருவாள்.

'அம்மை குத்துதல்' என்று நம் மக்கள் தாமே பெயரிட்டுக் கைக்கொண்ட காப்பினால்தான், பெரியம்மை ஒழிந்ததென 1980-இல் உலகம் அறிவித்தது. 'சொட்டு மருந்து' என்னும் எளிய சொல் சேரிக்கும் சிற்றூருக்கும் சென்றது. 2014-இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடெனச் சான்று பெற்றது.

மருத்துவர்களே, ஆசிரியர்களே! பாடத்தைப் பாட்டியின் நெறியிலிருந்து தொடங்குங்கள். அறிந்த சொல்லே அச்சத்திற்கு முதல் தடுப்பூசி.