பீர் காசு சின்னது, அதை மறைக்கிற காசுதான் பெருசு!



போன வாரம் நம்ம சேனல்ல "இதர செலவு" பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். கமெண்ட்ல நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, பீரை எந்தக் கணக்குல எழுதுறது?" சிரிச்சிட்டு விட்டுடலாம்னு பார்த்தேன். அப்புறம் என் செலவு ஆப்பைத் திறந்து பார்த்தா, சிரிப்பு நின்னுபோச்சு.

நான் இருக்கிறது தரமணில, கானகம் பக்கம். நானும் ரூம்மேட்டும் சேர்ந்து எடுத்த மாடி ரூம். வெள்ளிக்கிழமை லாகவுட் பண்ணிட்டு டைடல் பார்க் சிக்னலைத் தாண்டி வர்றதுக்குள்ள மணி ஒன்பதைத் தொட்டுடும். டாஸ்மாக் கடையை 10 மணிக்குச் சாத்திடுவாங்க. அந்தக் கடைசி அரை மணி நேரத்துல நாங்க காட்டுற வேகத்தை ஸ்பிரிண்ட் டெட்லைனுக்குக் காட்டியிருந்தா எப்பவோ ப்ரமோஷன் வந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த மாசம் என் ஆப்ல "இதர" 6,480 ரூபாய். அதை ஒவ்வொண்ணா பிரிச்சேன்:

பீர் 5 பாட்டில்: 900 (ஒண்ணு 180னு ரவுண்டா வச்சுக்கிட்டேன்)
ஆன்லைன்ல ஆர்டர் பண்ண சைட் டிஷ்: 1,640
ரெண்டு தடவை கேப்: 740
ஒரு பப் ட்ரீட்ல என் பங்கு: 1,000
பீர் டவர் டிஸ்பென்சர்: 2,200

பார்த்தீங்களா? பீர் வெறும் 14 சதவீதம். மீதி 86 சதவீதம் பீரோட சொந்தக்காரங்க.

"பீரை விட்டா கோடீஸ்வரன்" கணக்கு

"மாசம் நாலு பீரை விடுங்க, கோடீஸ்வரன் ஆகுங்க"ன்னு தம்ப்நெயில் போடுற நண்பர்களுக்கு அன்போட ஒரு கணக்கு. என்னோட 900 ரூபாயை அப்படியே எஸ்ஐபி-ல போடுறேன். 25 வருஷம், வருஷத்துக்கு 12 சதவீதம். அந்த 12-ஐ யாரும் கையெழுத்துப் போட்டுத் தர்றதில்லை, சும்மா வச்சுக்குவோம். கடைசில வர்றது சுமார் 17 லட்சம். பணவீக்கம் 6 சதவீதம்னு கழிச்சா, இன்னைக்கு மதிப்புல கிட்டத்தட்ட 4 லட்சம்.

4 லட்சம் சும்மா இல்லை. ஆனா கோடி இல்லை. அதே கணக்குல ஒரு கோடி வரணும்னா மாசம் 5,270 ரூபாய் போடணும். அதாவது விடுறதுக்கே மாசம் 29 பாட்டில் குடிச்சிட்டிருக்கணும். அவருக்கு முதல்ல தேவை எஸ்ஐபி இல்லை, டாக்டர்.

25 வருஷத்து வெள்ளிக்கிழமைக்கு 4 லட்சம் கொடுக்கலாமா வேண்டாமாங்கிறது உங்க இஷ்டம். குடிக்காதவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சு ஆரம்பிச்சிடாதீங்க. எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-லயே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாம வாங்கவும் கூடாது. நான் பேசுறது ஏற்கனவே எப்பவாவது குடிக்கிற, ஆனா கணக்குல எழுதக் கூச்சப்படுற ஆளுங்ககிட்ட.

சாமான் வாங்குற வியாதி

அந்த 2,200 ரூபாய் டவர் கதையைச் சொல்லணும். மூணு லிட்டர் பிடிக்கும், அடில குழாய், நடுவுல ஐஸ் போடுற குழல். ரீல்ஸ்ல பார்த்தா அப்படியே பப் மாதிரி இருந்துச்சு. மூணு லிட்டர்னா நாலரை பாட்டிலுக்கு மேல. இருக்கிறது ரெண்டு பேர். பாதி காலியாகுறதுக்குள்ள மீதி சூடாகி, நுரை போயி, கழனித்தண்ணி மாதிரி ஆயிடுச்சு. இப்போ அது மொட்டை மாடில ஹவுஸ் ஓனர் அம்மாவோட துளசிச் செடிக்குத் தண்ணி ஊத்துது. என்னன்னு கேட்டாங்க, "வாட்டர் ஃபில்டர் ஆன்ட்டி"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ரெண்டு பக்கமும் கேன் மாட்டுற ஹெல்மெட், பாட்டிலுக்குப் போடுற குட்டி ஸ்வெட்டர், எல்ஈடி லைட் எரியுற மக் எல்லாமே ஒரு தடவை போட்டோ எடுக்கத்தான். வீட்லயே பீர் காய்ச்சுற கிட் பக்கம் போகவே போகாதீங்க. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இங்க இன்னும் உயிரோட இருக்கு. லைசென்ஸ் இல்லாம வீட்ல மது தயாரிக்கிறது குற்றம். பொழுதுபோக்குக்கு வாங்கின கிட்டுக்கு வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டி வரும்.

நிஜமா உதவுறது மூணே மூணு:

ஒண்ணு, நல்ல கண்ணாடி கிளாஸ். பாட்டிலோட வாய் வச்சுக் குடிச்சா வாசனை மூக்குக்கு வராது. கிளாஸைச் சாய்ச்சு ஊத்தி, கடைசில நிமிர்த்தி ரெண்டு விரல் நுரை விடுங்க. அதே 180 ரூபாய் பீர் இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கும். கிளாஸ் இல்லையா? எவர்சில்வர் டம்ளரை பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வைங்க. பாட்டி வீட்டு மோர் டம்ளர் போதும்.

ரெண்டு, ஒரு பக்கெட். தண்ணி, ஐஸ், கைப்பிடி கல்லுப்பு. உப்பு போட்டா தண்ணி பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழ போகும், பாட்டிலைச் சுத்தி எல்லாப் பக்கமும் குளிர் பிடிக்கும். கால் மணி நேரத்துல ஜில்லுனு ஆயிடும். ஃப்ரீசர்ல வச்சு மறந்தா பாட்டில் வெடிக்கும், அதைத் துடைக்கிறது உங்க வேலைதான்.

மூணு, ஒரு ஓப்பனர். என்னுது கீசெயின்லயே தொங்குது. விலை 30 ரூபாய். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில இது திரும்ப வரும்.

இன்னொரு இலவச டிப்ஸ்: பாட்டிலை மாடில வெயில்ல வைக்காதீங்க. பீர்ல இருக்கிற ஹாப்ஸ் வெளிச்சம் பட்டா கெட்ட வாசனை அடிக்கும். பீர் பாட்டிலுக்குப் பிரவுன் கலர் வந்ததே அதுக்காகத்தான்.

சைட் டிஷ்தான் வில்லன்

1,640 ரூபாய் எங்க போச்சுன்னு பார்த்தேன். பீர் மசாலா வேர்க்கடலை, பீர் ஃபிளேவர் சிப்ஸ், "பீர் பேட்டர்" மீன், ஒரு தடவை பீர் சாக்லேட். சாக்லேட்ல பீரும் தெரியல, சாக்லேட்டும் தெரியல. விலை மட்டும் தெரிஞ்சுது.

இதுல பீர் பேட்டர் மட்டும் உண்மையான சரக்கு. மாவைப் பீர் ஊத்திக் கரைச்சா, அதுல இருக்கிற காத்துக் குமிழும் சீக்கிரம் ஆவியாகுற ஆல்கஹாலும் சேர்ந்து மேல் மாவு மொறுமொறுன்னு வரும். ஆனா அந்த வேலைல பாதியை ஜில் சோடாவே செஞ்சுடும். நெத்திலியை சோடா ஊத்தின மாவுல போட்டு எடுத்துப் பாருங்க. பக்கத்துத் தெரு பஜ்ஜிக் கடை அண்ணனுக்கு இந்த ரகசியம் எல்லாம் ஏற்கனவே தெரியும், அவர் அதுக்கு டெலிவரி சார்ஜும் கேக்கிறதில்லை.

நம்ம ஊர் லிஸ்ட்டே போதும்: வெங்காயம் எலுமிச்சை போட்ட அவிச்ச கடலை, மிளகாய்த்தூள் தூவின மாங்காய், ரெண்டு முட்டை ஆம்லெட். இன்னும் கொஞ்சம் கை நீளணும்னா சிக்கன் 65, 1965-ல மவுன்ட் ரோடு புஹாரி ஓட்டல்ல பிறந்ததா சொல்ற அதே ஐட்டம். எங்க ரூம்ல இப்போ ஒரு வெள்ளிக்கிழமைக்கு சைட் டிஷ் பட்ஜெட் 120 ரூபாய், ரெண்டு பேருக்கு.

பார்ல உப்புக் கடலையைச் சும்மா வைக்கிறாங்களே, பாசமா? உப்பு ஏறினா தாகம் ஏறும், தாகம் ஏறினா அடுத்த ரவுண்டு. பில்லையும் ஒரு தடவை படிங்க. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, பீருக்கு வாட். மது இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல. காமெடி என்னன்னா, ஆல்கஹால் இல்லாத பீருக்கு ஜிஎஸ்டி உண்டு. சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். ஊட்டி ட்ரிப் போனா காலி பாட்டிலைத் தூக்கி எறியாதீங்க. 2022-ல நீலகிரில ஆரம்பிச்ச திட்டப்படி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குறாங்க, திருப்பிக் கொடுத்தா அந்தக் காசு கைக்கு வரும். நாலு பாட்டில், 40 ரூபாய், ஆம்லெட் காசு.

"பீர்தானே மச்சான்"

இந்த வசனத்தாலதான் நிறைய காசு போகுது. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா, உள்ளே 52 மி.லி. சுத்தமான ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கி 60 மி.லி. பெக்ல இருக்கிறது சுமார் 26. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர், ரெண்டு லார்ஜ். "நான் ஒண்ணே ஒண்ணுதான்"னு சொல்லிட்டு வண்டிச் சாவியை எடுக்கிற ஆளு ரெண்டு லார்ஜ் போட்டவர்.

பிடிபட்டா முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். 10,000னா 55 பாட்டில். விபத்து ஆச்சுன்னா உங்க வண்டியோட டேமேஜுக்கு இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும். உயிர்க் கணக்கை நான் போடல, அதுக்கு எந்த ஆப்லயும் இடம் இல்லை. அதனால லிஸ்ட்ல அந்த 740 ரூபாய் கேப் செலவை மட்டும் நான் குறைக்கவே மாட்டேன்.

அம்மா பக்கத்துல இருந்தாங்க

இப்போ விஷயத்துக்கு வர்றேன். டெர்ம் பாலிசி எடுத்தப்போ நான் ஊர்ல இருந்தேன். போன் ஸ்பீக்கர்ல. எதிர்ல அம்மா கீரை ஆஞ்சிட்டிருந்தாங்க. போன்ல பேசின பொண்ணு வரிசையா கேட்டுட்டு வந்து, "ஆல்கஹால் எடுத்துப்பீங்களா சார்?"னு கேட்டுச்சு. நான் "சே சே, இல்லைங்க"ன்னேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கல.

அந்த "சே சே" ஒரு கோடி ரூபாய் பாலிசில எழுத்தா பதிவாயிடுச்சு. பாலிசி ஆரம்பிச்ச முதல் மூணு வருஷத்துல முக்கியமான தகவலை மறைச்சது தெரிஞ்சா, கம்பெனி கிளைமை மறுக்க சட்டமே இடம் கொடுக்குது. மோசடின்னு கேள்வி கேக்கிறதும் அந்த மூணு வருஷத்துக்குள்ளதான். 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்துச்சு. நீண்ட காலக் குடிப்பழக்கத்தை விண்ணப்பத்துல மறைச்ச ஒருத்தரோட ஹெல்த் கிளைமை எல்ஐசி மறுத்தது சரின்னு தீர்ப்பு. அவரு இறந்துட்டாரு. நீதிமன்றத்துல நின்னது அவரு மனைவி.

அதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நான் இல்லாதப்போ அம்மா ஃபைலைத் தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா நிக்கிறது கண்ணுல வந்துச்சு. அதுவும் எதுக்காக? மாசம் 900 ரூபாய் விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டதுக்காக.

மறுநாளே கம்பெனிக்கு மெயில் போட்டேன்: "மாசம் நாலு அஞ்சு பாட்டில் பீர் குடிப்பேன், விண்ணப்பத்துல தப்பா சொல்லிட்டேன், திருத்தணும்." ஒரு கேள்வித்தாள் வந்துச்சு, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. பிரீமியம் மாறல. எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கொஞ்சம் ஏறினாலும் ஏறட்டும். கிளைம் வராத பாலிசிக்கு 30 வருஷம் கட்டுறதைவிட அது ரொம்ப சீப்.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்க சாதாரணமா சொன்னாங்க: "தெரியும்டா. சாவிக்கொத்துல மூடி தொறக்கிறதைத் தொங்கவிட்டுக்கிட்டு வந்தா எனக்குத் தெரியாதா? வண்டி மட்டும் ஓட்டாத."

அவ்வளவுதான் மக்களே. இன்னைக்கே ரெண்டு வேலை பண்ணுங்க. செலவு ஆப்ல "இதர"வை மூடிட்டு "பீர்"னு ஒரு தலைப்பு போட்டு, அதுக்குக் கீழ சைட் டிஷ், சாமான், கேப் எல்லாத்தையும் எழுதுங்க. அப்புறம் உங்க டெர்ம், ஹெல்த் பாலிசி காப்பியைத் திறந்து, அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் இருக்குன்னு பாருங்க.

"சே சே"ன்னு இருந்தா, மெயிலை இன்னைக்கே அனுப்புங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போடாதீங்க, அன்னைக்கு உங்களுக்கு வேற வேலை இருக்கும்.