அடுப்புக்கு அடியில் குளிர்ப்பெட்டி

மும்பையில் ஓட்டல் நடத்துகிறவருக்கு அரிசி விலையை விட இடத்தின் வாடகைதான் பெரிய கவலை. மாதுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர் நடத்தும் சிறு ஓட்டல்கள், மெஸ்கள் பலவற்றில் சமையலறை என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். அதற்குள்ளேயே கிரைண்டர், இட்லிக் கொப்பரை, தோசைக் கல், பாத்திரம் கழுவும் மோரி, அரிசி மூட்டை, நான்கு ஆட்கள். இதில் பிரிட்ஜை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு வியாபாரிகள் கண்டுபிடித்துக் கொடுத்த பதில்தான் இடுப்பளவு உயரமுள்ள குளிர் ஸ்டாண்ட். கீழே இழுப்பறைகளுடன் குளிர்ப்பெட்டி. அதன் மேல் தகட்டிலேயே கேஸ் அடுப்பும் தோசைக் கல்லும். மாஸ்டர் நின்ற இடத்தை விட்டு நகராமல், குனிந்து மாவை எடுத்து ஊற்றலாம். மே மாதப் புழுக்கத்தில் மாவு புளித்துப் போவதில்லை, தேங்காய்ச் சட்னி ஊசிப் போவதில்லை. கெட்டுப் போகும் பண்டங்களை 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் குறைவாகவோ குளிரில் வைக்க வேண்டுமென்ற உணவுப் பாதுகாப்பு விதியும் நிறைவேறுகிறது. ஆகவே இந்தச் சாதனத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, அது சமையலறைக்குள் வந்து சேருகிற விதத்திலும், அங்கே நிறுத்தப்படுகிற விதத்திலும்தான் இருக்கிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். சாயங்காலம் டெம்போவில் பெட்டி வந்து இறங்கும். வாசல் குறுகலாக இருப்பதால் இரண்டு கூலியாட்கள் அதைப் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். தரை மேடு பள்ளமாக இருந்தால் இரண்டு செங்கல், ஒரு மரத்துண்டு. பிளக் எட்டவில்லையென்றால் கிரைண்டருக்குப் போகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே இன்னொரு ஓட்டை. அன்றிரவே சுவிட்சைப் போட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குள் மேலே கல்லும் ஏறிவிடும். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகம் கல்லாவில் சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். எண்பதாயிரம், லட்சம் என்று கொடுத்து வாங்கியவர், அதை முறையாகப் பொருத்த ஒரு வயர்மேனுக்கும் ஒரு ஃபிட்டருக்கும் அரை நாள் கூலி கொடுக்க ஏனோ யோசிக்கிறார்.

முதலில் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒன்று ஏறத்தாழ 79 கிலோ எடை இருக்கும். அதன் கீழே பர்னர், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். இந்த எடையைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்டாண்டுகள் இருக்கின்றன. எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்பதையும் தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் பழைய சாமான் கடையில் வாங்கிய சாதாரண கவுண்டர் பிரிட்ஜின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் கல்லை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் மேல்புறம் மெல்லிய தகடும் அதற்குள் நுரையும்தான். அது இன்றே வளையாது. ஆறு மாதம் கழித்து வளையும். மேலே எரிகிற அடுப்பும் கீழே பத்துப் பத்து லிட்டராக நிறைந்த மாவுப் பாத்திரங்களும் இருக்க, மாஸ்டர் இரண்டு இழுப்பறைகளையும் ஒரே சமயத்தில் முழுக்க வெளியே இழுத்தால் பாரமெல்லாம் முன்பக்கம் வந்துவிடும். பின்கால்கள் செங்கல் மேல் நிற்கிற பெட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சமையலறைத் தரை சமமாக இருக்காது; இருக்கவும் கூடாது. தண்ணீர் ஓடுவதற்காக மோரிப் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். எனவே ஸ்டாண்டின் கால்களில் உள்ள திருகைக் கூட்டிக் குறைத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை இது. மட்டம் தவறினால் இழுப்பறை தானாகத் திறந்து கொள்ளும், குளிர் வெளியேறும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடி மின்கட்டணம் ஏறும். காலுக்குப் பதில் சக்கரம் வைத்த ஸ்டாண்டானால், கழுவுவதற்கு இழுக்க வசதிதான். ஆனால் பூட்டுள்ள சக்கரங்கள் முன்பக்கம் வர வேண்டும், பூட்டைக் காலால் அழுத்திய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். நிறுத்திய ரயில் பெட்டிக்கே சக்கரத்தில் கட்டை கொடுக்கிறார்கள். இன்னொன்று: சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே ஒரு சங்கிலி மாட்டி, அதன் நீளத்தை கேஸ் டியூபின் நீளத்தை விடக் குறைவாக வைத்துவிட்டால், பையன் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சங்கிலி தடுக்குமே தவிர டியூப் பிடுங்கிக் கொள்ளாது.

காற்றோட்டம் பற்றிப் புத்தகத்தில் உள்ளதைப் பின்பற்றினால் போதும். முன்பக்கம் மூச்சு விடும் பெட்டியும் உண்டு, பின்பக்கம் விடுவதும் உண்டு. பின்பக்கம் விடுவதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சூட்டில் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். அடுப்பின் அடிக்கும் பெட்டியின் மேல் தகட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். படுக்க வைத்துக் கொண்டு வந்த பெட்டியை நிமிர்த்திய உடனே ஓட விடாமல் ஒரு நாள் சும்மா விட்டால், கம்ப்ரசர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பி விடும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் மின்சாரம். "லேசாகக் கிள்ளுகிறது" என்று கிளீனர் பையன் சொல்வதை எத்தனையோ சமையலறைகளில் கேட்கலாம். ஈரக் கையோடு பிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று ஏதோ தைக்கிறது என்கிறான். அதற்கு அங்கே செய்யப்படும் பரிகாரம், ரப்பர் செருப்புப் போட்டுக் கொள் என்பது. அல்லது பெட்டிக்கு முன்னால் ஒரு மரப்பலகையைப் போடுவது. கிள்ளுகிறது என்றால் என்ன பொருள்? பெட்டியின் இரும்பு உடம்புக்கு மின்சாரம் கசிந்து வந்துவிட்டது, அதை மண்ணுக்குக் கொண்டு போக வேண்டிய எர்த் கம்பி வேலை செய்யவில்லை, அந்த வேலையைப் பையனின் உடம்பு செய்கிறது என்று பொருள். இன்றைக்குக் கிள்ளுகிற கசிவு, தரையில் தண்ணீர் நிற்கிற ஒரு நாளில், அவன் செருப்பில்லாமல் நிற்கிற ஒரு நேரத்தில், கிள்ளுவதோடு விடாது.

மெயின் போர்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே என்று முதலாளிகள் கேட்பதுண்டு. அது வயரைக் காப்பாற்றுகிற கருவி, ஆளைக் காப்பாற்றுவதல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் இழுத்தால்தான் விழும். மனிதனைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுக் காப்பு. பழைய வயர்மேன்கள் இதை ஈ.எல்.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். குளிர் ஸ்டாண்டுக்கு இது கட்டாயம் இருக்க வேண்டும். அதன் மேல் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் அது போர்டில் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் இழுத்து விடுகிற இடங்களும் உண்டு. எங்கோ கசிகிறது என்று கருவி சொல்கிறது. கசிவைத் தேடாமல் சொல்கிற வாயை அடைப்பது என்ன நியாயம்?

எர்த் விஷயத்தில் இந்த நகரத்தின் பழைய கட்டடங்களில் ஒரு விசேஷமான ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றி அதையே எர்த் என்று விட்டிருப்பார்கள். பிறகு குழாய் துருப்பிடித்து, பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கும். கம்பி பழையபடி சுற்றியே இருக்கும். அது மண்ணைத் தொடாது. பிளக்கில் மூன்று கால், சுவரில் மூன்று ஓட்டை, பச்சை வயர், எல்லாம் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆகவே லைசென்ஸ் உள்ள வயர்மேன் மீட்டர் வைத்து அளந்து சொல்லும் வரை எர்த் இருப்பதாக நம்பக் கூடாது. ஸ்டாண்டுக்குத் தனி வயர், தனிப் பிளக், சுவரில் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் சுவிட்ச் ஆகியவையும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கிற சமையலறையில் வேறு எந்த ஜாக்கிரதைக்கும் மதிப்பில்லை.

அடுப்பும் குளிர்ப்பெட்டியும் ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதால் இன்னொரு சிக்கல் கூடுகிறது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது; ஒன்றரை மடங்குக்கும் மேல். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து, ஸ்டாண்டின் அடியில் போய்த் தேங்கும். அங்கேதான் கம்ப்ரசர் இருக்கிறது. அது யாரும் சுவிட்சைத் தொடாமலே, குளிர் குறைந்ததும் தானே புறப்படும், தானே நிற்கும். அதன் ரிலேயில் தோன்றும் ஒரு சிறு பொறி போதும். பகலில் நாற்றம் தெரியும், ஆட்கள் விழித்திருப்பார்கள். இரவில்?

மும்பையின் சிறு ஓட்டல்களில் சிப்பந்திகள் எங்கே தூங்குகிறார்கள் என்பதை வாடிக்கைக்காரர்கள் யோசிப்பதில்லை. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த பையன்கள், இன்று அவர்களோடு பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள், மேஜைகளைத் தள்ளிப் போட்டுவிட்டு, சிலர் சமையலறைத் தரையிலேயே, ஷட்டரை இறக்கிவிட்டுப் படுக்கிறார்கள். கேஸ் தேங்குகிற உயரமும் அவர்கள் தலை இருக்கிற உயரமும் ஒன்றே. கடை அடைக்கும்போது அடுப்பின் குமிழை மூடுவது போதாது. சிலிண்டர் ரெகுலேட்டரையே மூட வேண்டும். டியூபை ஸ்டாண்டின் பின்னால், கம்ப்ரசர் சூட்டில் படும்படியோ காலில் நசுங்கும்படியோ கொண்டு போகக் கூடாது. எலி கடித்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும். சமையலறையில் யாரையும் படுக்க வைக்காமல் இருப்பதுதான் சரி. இட நெருக்கடி என்று பதில் வரும். இந்தப் பதிலை ஏற்க முடியாது. 2015 அக்டோபர் 16-ஆம் தேதி குர்லாவில் ஓர் ஓட்டலில் கேஸ் தீ விபத்தில் எட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மதியச் சாப்பாட்டுக்கு வந்த மாணவர்கள். அது குளிர்ப்பெட்டியால் வந்த விபத்தல்ல. ஆனால் குறுகிய இடத்தில் கேஸ் பற்றிக் கொண்டால் தப்பிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

இப்போது வரும் சில பெட்டிகளில் குளிர்விக்கும் வாயுவாக ஆர்-290 என்ற புரோப்பேனை அடைக்கிறார்கள். இதுவும் எரியக் கூடியதே; அளவு கொஞ்சம்தான், மூடிய குழாய்க்குள் இருக்கிறவரை பயமில்லை. தீச்சுடர் படம் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும். அத்தகைய பெட்டியின் பக்கத்தில் கரண்டி மாட்டுவதற்கென்று டிரில் போட்டு ஓட்டை செய்தால் குழாய் அறுபடலாம். பழுது பார்க்க வருகிறவருக்கும் எந்த வாயு என்பதை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

பின்னர் மழை. கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் ஹிந்த்மாதாவிலும் கடைக்குள் தண்ணீர் புகுவது புதிதல்ல. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது நகரமே மூழ்கியது. அந்த அளவு வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீருக்கே ஸ்டாண்டின் அடியிலுள்ள மோட்டாரும் வயர் இணைப்பும் மூழ்கிவிடும். ஆறு அங்குலக் கால் இருந்தால் கழுவவும் வசதி, சிறு வெள்ளத்துக்கும் அவகாசம். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதுமே மெயினை அணைக்க வேண்டும். உள்ளே வந்த பிறகு தண்ணீரில் நின்று கொண்டு பிளக்கைப் பிடுங்கப் போகக் கூடாது. வடிந்தபின் காய வைத்து, வயர்மேன் பார்த்த பிறகுதான் மறுபடி ஓட விட வேண்டும். ஒரு நாள் மாவு வீணாகிறதே என்று அவசரப்படுகிறவர், அந்தச் சுவிட்சைப் போடும் வேலையைப் பையனிடம் விடாமல் தாமே போடுவாரா?

இதிலே விற்பனையாளரின் பொறுப்பு சிறியதல்ல. பெட்டியை வாசலில் இறக்கியதோடு தம் கடமை முடிந்ததென்று அவர் போய்விடக் கூடாது. மட்டம் பார்த்தாயிற்று, எர்த் அளந்தாயிற்று, இவ்வளவு கிலோ வரை ஏற்றலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல், சமையலறையில் நிற்கிறவர்கள் படிக்கும்படி தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கிய பிறகே முதலாளி பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம். பணம் கையில் இருக்கிறவரைதான் கேட்டது கிடைக்கும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. ஓட்டல் உரிமையாளர் சங்கமான ஆஹார் இத்தகைய தாளின் மாதிரியொன்றை அச்சிட்டு, சங்கத்தில் சேராத சின்ன மெஸ்களுக்கும் கிடைக்கச் செய்யலாம்.

மும்பையில் மழை ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கிவிடும். ஏற்கெனவே ஸ்டாண்டு வாங்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்த பிறகு, கல்லை இறக்கி, பெட்டியை முன்னால் இழுத்து, அடியிலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று விளக்குப் பிடித்துப் பார்க்கட்டும். பக்கத்தில் தோசை மாஸ்டரையும் கிளீனர் பையனையும் நிறுத்தி, எங்கே கிள்ளுகிறது என்று முதலில் அவர்களைக் கேட்கட்டும்.