சாவி தரும் தேதியை முதலில் சொல்லுங்கள்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர்,
தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், சென்னை.

பார்வைக்கு: மாவட்ட ஆட்சியர், புதுக்கோட்டை.

பொருள்: வாரியக் குடியிருப்புக்குச் செல்லும் வாடகைக் குடும்பங்கள் பழைய வீட்டைக் காலி செய்யக் கால அவகாசம் வழங்குவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் பெயர் மாறிய தங்கள் வாரியத்தைப் புதுக்கோட்டைக்காரர்கள் இன்றும் பழைய பெயரிலேயே அழைக்கிறார்கள். நரிமேட்டில் நிற்கும் அடுக்குமாடிகளையும் 'ஹவுசிங் போர்டு' என்பவர் பாதி, 'குடிசை மாற்று' என்பவர் மீதி. பெயர் எதுவானாலும், அங்கே ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று மனு எழுதிக் காத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களில் ஒரு பகுதியினருக்காகவே இந்த மடல்.

வாரிய வீட்டுக்கு மனுச் செய்கிறவர்கள் எல்லாரும் குளத்தங்கரையிலிருந்தோ வாய்க்கால் ஓரத்திலிருந்தோ வருகிறவர்கள் அல்லர். மச்சுவாடியிலும் திருவப்பூரிலும் காமராஜபுரத்திலும் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பொதுக் கழிப்பறை என்று 'பின்போர்ஷன்' எடுத்து மாத வாடகை கட்டிவருகிறவர்களும் இருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் நிற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ராஜ வீதிகளில் தள்ளுவண்டி போடுபவர், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்ற தகுதி இவர்களுக்கும் உண்டு. ஆற்றுப் புறம்போக்கிலிருந்து வருகிறவருக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம்தான். இவர்கள் விட்டுவர வேண்டிய வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவர் கையில் இவர்களுடைய அட்வான்ஸ் இருக்கிறது.

முடிச்சு விழுவது இங்கேதான்.

வாரிய வீட்டுக்குப் பயனாளி தன் பங்குத்தொகையைக் கட்ட வேண்டும். பொதுவாக, கட்டி முடித்தால்தான் சாவி. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திடம் மொத்தமாக இருக்கும் ஒரே பணம், வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ். அது காலி செய்த பிறகுதான் கைக்கு வரும். காலி செய்யப் புது வீட்டுச் சாவி வேண்டும். சாவிக்குப் பங்குத்தொகை வேண்டும். பங்குத்தொகைக்கு அட்வான்ஸ் வேண்டும். செக்கு மாடு போல இந்த வட்டத்தைச் சுற்றிவரும் குடும்பம் கடைசியில் வந்து நிற்பது நகைக்கடன் வரிசையிலோ, மீட்டர் வட்டிக்காரர் வாசலிலோ.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 5,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்ததும் அந்தம்மா வீட்டுக்காரரிடம் போய், "ஐயா, எங்களுக்கு வீடு அலாட் ஆயிருச்சு. வர்ற மாசத்தோட காலி பண்றோம்" என்று சொல்லிவிடுகிறார். வீட்டுக்காரரும் வேறு ஆள் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார். இந்த நேரத்தில் மின் இணைப்பு வரவில்லை என்றோ, லிஃப்ட் வேலை பாக்கி என்றோ, திறப்பு விழாத் தேதி கிடைக்கவில்லை என்றோ சாவி இரண்டு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? புதிதாக வரப்போகிறவர் வாசலில் நிற்கிறார். இந்தக் குடும்பம் இன்னும் இரண்டு மாதத்துக்கு யார் கையையாவது காலையாவது பிடிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மட்டும் யாரும் வீடு தரமாட்டார்கள்.

சொல்லாமல் இருந்தாலும் நட்டம்தான். சாவி கைக்கு வந்த அன்று போய்ச் சொன்னால், "ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்ல? ஒரு மாச வாடகையைக் கழிச்சுக்கிட்டுத்தான் தருவேன்" என்பார் வீட்டுக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆக, முந்திச் சொன்னால் தெருவில் நிற்கும் ஆபத்து. பிந்திச் சொன்னால் 5,000 ரூபாய் போச்சு, வெள்ளையடிப்புக் கூலி தனி.

வீட்டுக்காரர்களை வில்லன்களாக்கிக் காட்டுவது இந்த மடலின் நோக்கம் இல்லை. புதுக்கோட்டையில் வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் பெரிய பணக்காரர்கள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் முன்பக்கம் குடியிருந்துகொண்டு பின்பக்கத்தை விட்டிருப்பார். கணவரை இழந்த ஆச்சி ஒருவர் அந்த வாடகையில்தான் மருந்து வாங்குவார். வாங்கிய அட்வான்ஸ் மகள் கல்யாணத்தோடு கரைந்திருக்கும். அடுத்து வருகிறவரிடம் வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுக்க முடியும். ஒரு மாத முன்னறிவிப்பு என்பது அவருக்கு அந்தப் பணத்தைப் புரட்டும் அவகாசம். ஒத்திக்கு இருப்பவர் கதை இன்னும் சிக்கல். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பவர், அந்தப் பணம் திரும்பி வர இன்னொரு ஒத்திக்காரர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் பல நேரம் போதாது.

காலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகும் போர்ஷனுக்கு வீட்டுக்காரருக்கும் ஆள் கிடைக்காது. பள்ளி நடுவில் பிள்ளைகளை இடம் மாற்றுவதும் கடினம். அலுவலகத்துக்கு மார்ச் 31 முக்கியமான நாள் என்றால், குடும்பத்துக்குத் தையும் சித்திரையும் ஜூன் பள்ளித் திறப்பும் முக்கியமான நாட்கள். மார்கழி நடுவில் சாவி கொடுத்துவிட்டு, பதினைந்து நாளில் குடியேறவில்லை என்று விளக்கம் கேட்டால் அந்தக் குடும்பம் என்ன பதில் எழுதும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017-இல் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது அது. காலி செய்ய விரும்பும் வாடகைதாரர் ஒரு மாதம் முன்போ, ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடியோ அறிவிப்புத் தர வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். மாத வாடகைக்கு இருப்பவர் விஷயத்தில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106-ஆம் பிரிவில், ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறாக இல்லாத பட்சத்தில் 15 நாள் அறிவிப்பு போதும் என்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாசலில் நின்று "சொல்லிட்டேனே" என்பது அறிவிப்பு ஆகாது.

சட்டமே தரும் கெடுவைப் பாருங்கள். வீட்டுக்காரர் ஒழுங்கானவர், சட்டப்படி நடப்பவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அட்வான்ஸ், காலி செய்த பிறகு ஒரு மாதம் வரை வராமல் இருக்கலாம். பங்குத்தொகையோ குடியேறுவதற்கு முன்பே கட்ட வேண்டியது. யாரும் எந்தத் தவறும் செய்யாமலே ஏழைக் குடும்பம் ஒரு மாதம் கடனில் விழுகிறது. இதை வீட்டுக்காரரால் சரிசெய்ய முடியாது, குடியிருப்பவராலும் முடியாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரால் மட்டுமே முடியும்.

வெளிநாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்டனில் தனியார் வீட்டிலிருந்து மாநகராட்சி வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கும் இரண்டு வாடகை ஒன்றாகச் சேரும் நாட்கள் வருகின்றன. இரண்டையும் தவிர்க்க முடியாத நிலை என்றால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதிகபட்சம் நான்கு வாரத்துக்கு இரண்டு வீட்டுக்கும் வாடகை உதவி பெற அங்கே விதி இடம்தருகிறது. மாறும் காலத்துக்கு ஒரு செலவு உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்ட விதி அது. நம் அரசிடம் பணமாக அதைக் கேட்கவில்லை. நாங்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை.

முதலாவது, ஒதுக்கீட்டு ஆணையிலேயே குடியேறும் தேதியை எழுதுங்கள். ஆணைக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே குறைந்தது 45 நாள் இருக்கட்டும். தேதி தள்ளிப்போனால் பயனாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தாளைக் காட்டினால் வீட்டுக்காரரிடம் கூடுதல் மாதம் கேட்க ஒரு ஆதாரமாவது இருக்கும். திறப்பு விழா எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். மின்சாரமும் தண்ணீரும் வந்துவிட்ட வீட்டுக்குச் சாவி கொடுக்க விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, வாடகை வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பங்குத்தொகையின் கடைசித் தவணையை, குடியேறி 60 நாளுக்குள் கட்டலாம் என்று மாற்றுங்கள். அட்வான்ஸ் திரும்பி வரச் சட்டம் தரும் ஒரு மாதமும், வீட்டுக்காரர் இழுத்தடித்தால் இன்னும் கொஞ்சமும் அதில் அடங்கும். தவணை கட்டாதவர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வாரியத்திடம்தான் இருக்கிறது. வீடும் வாரியத்துடையதுதான். பணம் எங்கும் ஓடிவிடாது.

மூன்றாவது, சாவி வாங்கிய நாளிலிருந்து பழைய வீட்டு அறிவிப்புக் காலம் முடியும்வரை 'குடியேறவில்லை' என்று ஒதுக்கீட்டை ரத்து செய்யும் நோட்டீஸ் அனுப்பக் கூடாது. பராமரிப்புக் கட்டணமும் குடியேறிய மாதத்திலிருந்து தொடங்கட்டும்.

நான்காவது, ஆணையோடு ஒரு மாதிரிக் கடிதத்தை இணைத்துக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே இதை எப்படி எழுதுவது என்று தட்டச்சு நிலைய வாசலில் 100 ரூபாய் கொடுத்துக் கேட்கிறார்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"ஐயா, தங்கள் வீட்டின் பின்பகுதியில் மாத வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். எனக்கு வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் வீடு ஒதுக்கீடு ஆகியிருப்பதால், இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்தில், (தேதி) அன்று, வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். அதுவரையுள்ள வாடகையும் மின் கட்டணமும் செலுத்திவிடுகிறேன். நான் கொடுத்துள்ள அட்வான்ஸ் தொகையைப் பாக்கி போகக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே கையெழுத்தும் தேதியும். இரண்டு நகல். ஒன்றில் வீட்டுக்காரரிடம் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மறுத்தால் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பலாம். இந்தச் சிறு தாள் இருந்தால், "சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கே இடமில்லை. "அட்வான்ஸ்லயே வாடகையைக் கழிச்சுக்கங்க" என்று கடைசி இரண்டு மூன்று மாதத்தை ஓட்டும் வழக்கம் ஊரில் உண்டு. வாரிய வீட்டுக்குப் போகிறவர் அப்படிச் செய்தால் பங்குத்தொகைக்குக் கையில் காசு மிஞ்சாது என்பதையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சிடுங்கள். ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு முகவரி மாற்றத்துக்கு எங்கே போவது என்றும் இன்னொரு வரி.

மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு வேண்டுகோள். 2017 சட்டப்படி வாடகை அதிகாரி, தாங்கள் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். அவர் யார், எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது புதுக்கோட்டையில் வாடகைக்கு இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒதுக்கீட்டு ஆணை வழங்கும் நாளில் வங்கிக் கடன் மேசைக்குப் பக்கத்திலேயே அவர் அலுவலகத்திலிருந்து ஒருவரை உட்கார வையுங்கள். அட்வான்ஸ் தராமல் அலைக்கழித்தால் எங்கே மனுக் கொடுப்பது என்பதை ஐந்து நிமிடத்தில் அவர் சொல்லிவிடலாம். அறந்தாங்கி, இலுப்பூர் கோட்டங்களிலும் இதையே செய்யலாம்.

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வாடகை இனி ஏறுமே தவிர இறங்காது. வாரிய வீட்டை நம்பும் வாடகைக் குடும்பங்களும் கூடத்தான் செய்யும். வாடகைதாரர் வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது சட்டம், அது சரியான சட்டமும்கூட. அதை அவர் மதிக்க வேண்டுமானால், அவருக்கு முன்னதாக வாரியம் அவரிடம் தேதி சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஒதுக்கீட்டு ஆணை அச்சாவதற்கு முன் அதில் 'குடியேறும் நாள்' என்று ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மற்ற மூன்று கோரிக்கைகளுக்குத் தங்கள் பதிலை எழுத்தில் அனுப்பினால், அதை இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர்